தபசுக்கு முன் அடைத்த போத்தல்கள்

இயேசு மரி சூசை துணை

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
09.02.2025

என் அன்புத் தம்பி அருளுக்கு,

அக்கா மக்டலீன் எழுதுகிறேன். நான், அத்தான், மகள் ஸ்டெபனி மூவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் முழங்கால் மட்டும் பனிக்காலத்தில் தன் குணத்தைக் காட்டுகிறது. உன் மனிசி பேர்ணடெற்றின் பிரெஷர் இப்போது எப்படி?

போனை விட்டுவிட்டு இதென்ன காகிதம் என்று சிரிப்பாய். வட்ஸ்அப்பில் நான் எதை எழுதினாலும் வீட்டு ஐபாட்டிலும் போய் விழுகிறது. அதை மடியில் வைத்திருப்பவர் உன் அத்தான். பதிலைத் தவமணி வீட்டு விலாசத்துக்குப் போடு. அடுத்த தெருதான், வாய் திறக்க மாட்டாள்.

எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு நீ அனுப்பிய ஷம்பெயினால் வந்த வினை இது. அத்தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, "உந்த வைனை நானும் செய்வன்" என்றார். கனடா வருமுன் உங்கள் பிரான்சில் ஒரு பருவம் திராட்சைத் தோட்டத்தில் முந்திரிகைப் பழம் ஆய்ந்தவர் அல்லவா, எல்லாம் தெரியுமாம்! ஒக்டோபரில் நயாகராவுக்குப் போய் வாளி வாளியாக முந்திரிகைச் சாறு வாங்கி வந்து, பேஸ்மென்டில் முன்படிக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூமில் புளிக்க வைத்திருக்கிறார். ஸ்டெபனியின் கலியாணத்துக்கு மேசைக்கு ஒரு போத்தலாம். மாப்பிள்ளை இன்னும் அகப்படவில்லை, வைன் மட்டும் தயார்.

உடுப்புத் தோய்க்கப் போகும்போது உள்ளே குமிழ் விடும் சத்தம் கேட்கும். குளிர் கூடிய பிறகு அது நின்றுவிட்டது. "சீனியெல்லாம் திண்டு முடிச்சிட்டுது" என்கிறார். விபூதிப் புதனுக்கு முந்திப் போத்தலில் அடைத்துவிட வேண்டுமாம். தபசு காலம் முழுக்க மதுவை வாயிலும் வைப்பதில்லை, கையாலும் தொடுவதில்லை என்ற அவருடைய நேர்த்தி உனக்குத் தெரியும்.

நீ வருடக்கணக்காக நிலவறையில் வேலை செய்தவன். உன்னைக் கேட்கச் சொன்னால் முகம் சிவக்கிறது. எனக்கென்னவோ பயமாக இருக்கிறது, தம்பி. நீயே சொல்.

மன்றாட்டில் உங்களை மறவாத
அக்கா


எப்பெர்னே, பிரான்ஸ்
23.02.2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி அருள்நாயகத்தின் அன்பு வணக்கம். நாங்கள் நலம். பேர்ணடெற் உப்பைக் குறைத்ததில் பிரெஷர் அடங்கியிருக்கிறது. உங்கள் கடிதத்தை அவள்தான் வாசித்தாள், நான் கேட்டேன். முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுங்கள்.

உங்களுக்கு அனுப்பியது எங்கள் கொம்பனியின் ஆக உயர்ந்த வைன். எல்லா வருடமும் அதைச் செய்யமாட்டார்கள். வெயிலும் மழையும் ஒத்துவந்த வருடத்தில் மட்டும்தான் செய்து, போத்தலில் அந்த ஆண்டைப் போடுவார்கள். முதலில் சீனி துளியும் இல்லாமல் புளித்து முடிந்த வைன் வேண்டும். குடித்தால் பல் கூசும். அதற்குள் அளந்த சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்து, தடித்த போத்தலில் தகர மூடியால் அடைத்துப் படுக்க வைப்பார்கள். ஈஸ்ட் சீனியைத் தின்ன வரும் வாயு வெளியே போக வழியில்லாமல் வைனுக்குள்ளேயே கரையும். பிறகு ஈஸ்ட் செத்து அடியில் படியும். அந்த மண்டியோடு எட்டுப் பத்து வருடம் சுண்ணாம்புக்கல் நிலவறையில், கோடையிலும் மாறாத குளிரில் கிடக்கும். கடைசியில்தான் போத்தலைத் தலைகீழாகச் சாய்த்து மண்டியை எடுத்து, தக்கை போட்டுக் கம்பி கட்டுவார்கள்.

குடித்தபோது கவனித்தீர்களா? முதலில் தேசிக்காய்ப் புளிப்பு. அது போனதும் பாண் வேகிற மணம், வறுத்த கச்சான் கடலை மணம். விழுங்கிய பிறகு நாக்கில் இலேசாக உப்பு. குமிழ் அத்தனையும் மணல்போலப் பொடியாக ஏறும். எல்லாம் அந்த நீண்ட கிடையால் வருவது.

ஆனால் அக்கா, உள்ளே இருக்கும் அமுக்கம் லொறி டயருக்குள் இருப்பது போன்றது. குமிழ் நின்றதால் புளித்து முடிந்தது என்று சொல்ல ஏலாது. குளிரில் ஈஸ்ட் நித்திரையும் கொள்ளும். அடைக்குமுன் வைனில் இனிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அடைக்க விடாதீர்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். வயதில் இளையவன் படிப்பிக்க வருகிறான் என்று அத்தான் நினைப்பார்.

உங்கள் தம்பி
அருள்


இயேசு மரி சூசை துணை

வெக்ஸ்போர்ட்
08.03.2025

அன்புள்ள தம்பி,

உன் சுகத்துக்கும் பேர்ணடெற்றின் சுகத்துக்கும் விபூதிப் புதனன்று பூசை ஒப்புக்கொடுத்தேன்.

உன் கடிதம் கைக்கு வந்தது நேற்று. அவர் செவ்வாய்க்கிழமையே அடைத்துவிட்டார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு, அடுத்தநாள் தபசு தொடங்குகிறதே என்று ஓடியோடி அடைத்தார். போத்தல்கள் எங்கே எடுத்தார் தெரியுமா? கலியாண ஹோல்களில் சனம் குடித்துவிட்டுப் போட்ட வெறும் ஷம்பெயின் போத்தல்கள். கழுவிக் கழுவி என் கை விறைத்துப்போனது. கோல்ட் ரூமில் சுவர் நிறைய அடுக்கியிருக்கிறார்.

நீ கேட்டதை என் கேள்விபோலக் கேட்டேன். "கொஞ்சம் இனிப்பு நிண்டதுதான். அது நல்லம். எங்கட சனத்துக்குப் புளிச்சால் இறங்காது" என்றார். "அப்ப மேல சீனி போடாமல் விட்டனீங்களோ?" என்றேன். "பிரெஞ்சுக்காரன்ர அளவு அப்பிடியே போட்டனான்" என்றார்.

"ஒண்டைத் திறந்து பாருங்கோவன்" என்று சொல்ல, "தபசு காலத்தில என்னைப் பாவத்தில தள்ளப் பாக்கிறியோ?" என்று சத்தம் போட்டார். இனி ஈஸ்டர் வரை அந்தக் கதவு திறபடாது.

இதற்கு என்ன அர்த்தம், தம்பி? உடனே எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா


வெக்ஸ்போர்ட்
28.04.2025

அன்புத் தம்பிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். நீங்கள் சுகம்தானே? ஏன் கேட்கிறேன் என்றால் உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஈஸ்டருக்கு வீடியோவில் வந்தபோது கண்டு கதைத்தேன்தான். கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சினிமாக்காரன் மாதிரி இருந்தாய். ஆனால் இவர் பக்கத்தில் இருக்க நான் என்னத்தைக் கேட்கிறது?

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒன்றைத் திறந்தார். நுரை பொங்கி மேசைச்சீலை நனைந்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்டெபனி பிறந்த அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. ருசியும் மோசமில்லை, ஆனால் இனிப்புத்தான். "பாத்தியோ, உன்ர தம்பி சம்பளத்துக்குச் செய்யிறதை நான் சும்மா செய்திட்டன்" என்றார்.

நான் வீணாகப் பயந்தேனோ என்று எண்ணினேன். ஆனாலும் உன் பதில் வந்ததா என்று நாள்தோறும் தவமணி வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன். அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் வோஷிங் மெஷின். ஸ்டெபனி நாளுக்கு இரண்டு தரம் இறங்குகிறாள்.

கவலையோடு
அக்கா


எப்பெர்னே
12.05.2025

அன்பின் அக்கா,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். வேலை கூட. இப்போது என்னை மேலே, லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

வெயில் ஏறுமுன் எல்லாப் போத்தலையும் பிறிட்ஜில் நன்றாகக் குளிரப்பண்ணி, தடித்த துவாயால் சுற்றி, மூடியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும். ஒன்றும் மிச்சம் வைக்க வேண்டாம். பழைய போத்தலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம். நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

கும்பிட்டுக் கேட்கிறேன்.

அருள்


இயேசு மரி சூசை துணை

வெக்ஸ்போர்ட்
27.06.2025

தம்பி,

உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதத்தைச் சொன்னேன். "அவனுக்கு எரிச்சல்" என்றார். பிறகு சாப்பாட்டை எடுக்காமல் எழும்பிப் போனார். நானும் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

திங்கட்கிழமை பொல்லாத வெக்கை. பின்னேரம் மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கீழே ஒன்று வெடித்தது. அதன்மேல் இன்னொன்று, பிறகு நாலைந்து சேர்ந்து. காலுக்குக் கீழே நிலம் அதிர்ந்தது. நான் கத்திக்கொண்டு திரும்பினால் கதிரையில் அவரைக் காணவில்லை. ஸ்டெபனியையும் இழுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே போய், அவள்மேல் குப்புறக் கிடந்தார். இரண்டு கையாலும் அவள் தலையைப் பொத்தியபடி. "அப்பா, it's just the wine" என்று பிள்ளை அழுகிறாள். அவருக்குக் கேட்கவில்லை. "அசையாதை, இன்னும் வருவான்" என்கிறார். கலியாணம் செய்த இந்த இருபத்தைந்து வருடத்தில், ஊரில் பொம்மர் வர நாங்கள் ஒளித்த பங்கர் என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வந்ததில்லை, தம்பி. எல்லாம் மறந்துபோனார் என்று நினைத்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கோல்ட் ரூம் கதவில் போத்தல் துண்டுகள் குத்தி நிற்கின்றன, உட்பக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை, ஒன்று பலகையைத் துளைத்து வெளியே நுனி காட்டுகிறது. 911க்கு அடிப்போம் என்றாள் ஸ்டெபனி. "தமிழன் வீட்டில குண்டு எண்டு ரீவியில போடுவாங்கள். பேசாமல் இரு" என்றுவிட்டார்.

நான் கதவைப் பூட்டித் திறப்பை ஒளித்திருக்கிறேன். முக்கால்வாசிப் போத்தலும் இன்னும் உள்ளேதான். வெடித்ததைவிட இப்போது எனக்கு இவரை நினைத்துத்தான் பயம். மேசைக்குக் கீழே கிடந்த வெட்கத்தில், தான் பயந்தவன் இல்லை என்று காட்ட உள்ளே போய்விடுவார்.

அக்கா


எப்பெர்னே
09.07.2025

அன்பான மக்டலீன் மச்சாளுக்கு,

பேர்ணடெற் எழுதுகிறேன். நீங்கள் மூவரும் காயமில்லாமல் இருப்பதற்கு மாதாவுக்கு நன்றி. என் சுகத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

இவர் எழுதமாட்டார் என்பதால் இதை எழுதுகிறேன். எழுதுவது அவருக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன், நிலவறையில் பழைய ஆண்டு வைன் அடுக்கைக் கைமாற்றும்போது ஒரு போத்தல் வெடித்தது. இவருக்கு இடக்கண் போய்விட்டது. இப்போது இருப்பது கண்ணாடிக் கண். அதுவும் அளந்து, சரியாகச் செய்து, புதுப் போத்தலில் அடைத்த வைன், மச்சாள். கொம்பனி கொடுத்த முகமூடியை ஒரு நிமிடம் நெற்றிக்கு உயர்த்தியிருந்தார், அவ்வளவுதான். வீடியோவில் கறுப்புக் கண்ணாடி போடுவது அதனால். "அக்கா தாங்கமாட்டா" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

மார்ச்சில் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எழுதியெழுதிக் கிழித்தார். "வெடிக்கும் எண்டு எழுதினால், உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு அக்கா கேப்பா" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மாதத்தைப் போக்கினார். இப்போது அதை நினைத்து நித்திரையில்லாமல் திரிகிறார். மற்றக் கண்ணும் கொஞ்சம் மங்கல். டொக்டர் அதைப் பொன்போலப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இதை நவரட்ணம் அண்ணைக்கு வாசித்துக் காட்டுங்கள். சத்தியத்தை மீறியது என் பாவமாகவே இருக்கட்டும்.

பேர்ணடெற்


வெக்ஸ்போர்ட்
03.08.2025

அன்புள்ள தம்பிக்கு,

நல்லாயிருக்கிறாயா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? பேர்ணடெற்றை ஏசாதே. அவள் எழுதியது நல்லது. உன் கண்ணை நினைத்து இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்று வருடமாக என்னை ஏமாற்றியிருக்கிறாய், கள்ளன்! நேரில் கண்டால் அடிப்பேன். பிறகு கட்டிப்பிடித்து அழுவேன்.

இவருக்கு வாசித்தேன்.  அன்றிலிருந்து வேலையால் வந்ததும் பேஸ்மென்டுக்குப் போய், அந்தக் கதவுக்கு எதிரே கதிரை போட்டு இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போவார். கிழமைக்கு ஒன்றிரண்டு வெடிக்கிறது. வெடிக்கும்போது எழும்பி ஓடாமல் இருந்து பழகுகிறாராம். நான் மேலே நின்று ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் பெயரைக் கூப்பிடுவேன். "ஓம், இருக்கிறன்" என்று குரல் வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

ஸ்டெபனியைப் பிக்கரிங்கில் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். உடுப்புத் தோய்க்கப் பிளாசாவில் இருக்கும் லோண்டரிக்குப் போகிறேன். புளித்த கள்ளு நாற்றம்போல ஒன்று வீட்டுக்குள் ஏறுகிறது.

நான் என்ன செய்ய, தம்பி?

அக்கா


எப்பெர்னே
19.08.2025

அன்பின் அக்கா,

என் வலக்கண் சுகம், அதைக் கேட்டு அழ வேண்டாம். உங்கள் நித்திரைக்காக மன்றாடுகிறோம்.

இப்போது யாரும் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது. கதவுக்கு முன்னால் பழைய மெத்தையைச் சாத்துங்கள். அத்தானின் கதிரையை மாடிப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளுங்கள். குளிர் வரட்டும். தை மாதத்தில் அந்த அறை பிறிட்ஜைவிடக் குளிரும். அப்போது வாயு வைனுக்குள் அடங்கிக் கிடக்கும். அந்த நேரம் ஒவ்வொன்றாக மூடி கழற்றலாம். முகமூடியும் கருவியும் நான் கொண்டுவருவேன்.

ஓம், நான் வருகிறேன். கண் போன நாளிலிருந்து நான் நிலவறைப் படியில் கால் வைத்ததில்லை. லேபிள் பகுதிக்கு என்னை யாரும் மாற்றவில்லை, நானே கெஞ்சிப் போனேன்.  ஆனால் அத்தான் தனியப் போய்த் திறந்தால், அதைவிட எனக்குத் தாங்க ஏலாது.

அருள்


வெக்ஸ்போர்ட்
30.11.2025

தம்பி அருள்நாயகத்துக்கு,

அத்தான் நவரட்ணம் எழுதுவது. சுகமாய் இருப்பாய் என நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் விலாசத்தைத் தவமணியிடம் வாங்கினேன். நீங்கள் எழுதிக்கொள்வது எனக்கு எப்போதோ தெரியும்.

நீ வரவேண்டாம். என் போத்தலைத் திறக்க ஒற்றைக் கண்ணோடு நீ பிளேன் ஏறி வந்தால், பிறகு நான் ஆம்பிளை என்று சொல்லிக்கொண்டு திரிய ஏலாது. திறப்பை அக்கா அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறா. நாள்தோறும் எடுக்கிறேன். கதவடி மட்டும் போகிறேன். பூட்டில் போடுகிறேன், திருப்ப மட்டும் ஏலாமல் இருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன்.

அக்காவுக்கு இதைச் சொல்லாதே. ஒருநாள் திருப்புவேன். அன்றைக்கு முடித்துவிடுவேன்.

இப்படிக்கு
நவரட்ணம்


இயேசு மரி சூசை துணை

வெக்ஸ்போர்ட்
17.01.2026

அன்புள்ள பேர்ணடெற்றுக்கு,

உன் மனிசன் சுகமாக வந்து சேர்ந்தான். இவருடைய கடிதம் கண்டதும் பயணத்தை முந்திப் போட்டானாம், உனக்குத் தெரியும்தானே. நீ கொடுத்துவிட்ட பிஸ்கட் கிடைத்தது.

இப்போது காலை. இருவரும் கீழே இருக்கிறார்கள். என்னையும் ஸ்டெபனியையும் குசினியை விட்டு அசையக்கூடாது என்று கட்டளை. பயத்தில் கை சும்மா இருக்கவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். முதலில் இவர் விடமாட்டேன் என்று படியை மறித்தார். "மற்றக் கண்ணையும் எனக்குத் தரவோ வந்தனி?" என்று கேட்டார். "அப்ப ரெண்டு பேரும் போவம், அத்தான். நான் திறக்கிறன், நீங்கள் பிடியுங்கோ" என்றான் தம்பி. அவன் பெரிய முகமூடியைப் போட்டுக்கொண்டு நிற்க, இவர் ஸ்கீ கண்ணாடியும் என் குளிர் கோட்டும் மாட்டிக்கொண்டு பின்னால் போனார். வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

ஒவ்வொரு மூடியும் கழலும்போது 'டுப்' என்று மெல்லிய சத்தம் வருகிறது. பிறகு வடிகானில் ஊற்றும் சத்தம். எத்தனை ஆசையோடு செய்த வைன்! கேட்கக் கேட்க இவருக்காகவும் அழுகை வருகிறது. ஸ்டெபனி செபமாலை உருட்டுகிறாள். ஒரு சுவர் முடிந்தது என்று தம்பி கத்திச் சொன்னான்.

இப்போது ஒரு பெரிய சத்தம்.

நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. போகிறேன்.

பேர்ணடெற், மிச்சத்தைப் பின்னேரம் எழுதுகிறேன். முதலில் நீ மூச்சு விடு. அருளின் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

நான் இறங்கிப்போனபோது இரண்டு பேரும் நிலத்தில் கிடந்தார்கள். மூச்சு பட்டுப் பட்டு முகமூடியில் ஆவி படிந்துவிட்டதாம். ஒன்றும் தெரியவில்லை என்று அருள் அதை நெற்றிக்கு உயர்த்தியிருக்கிறான், அன்றைக்கு உயர்த்தியதுபோலவே. அந்த நேரம் தட்டில் கிடந்த போத்தல் ஒன்று தன்பாட்டில் வெடித்திருக்கிறது. இவர் அவனைத் தள்ளி விழுத்தி, அவன்மேல் கிடந்தார். இரண்டு கையும் அவன் முகத்தின்மேல். போத்தல் வழுக்குகிறது என்று கையுறையைக் கழற்றியிருந்தார். புறங்கை இரண்டும் கிழிந்து இரத்தம் அருளின் கன்னத்தால் ஓடியது. அவன் முகம்தான் போய்விட்டது என்று நினைத்து நான் கத்தினேன்.

"அத்தான், கையை எடுங்கோ. எனக்கு ஒண்டுமில்லை" என்றான் தம்பி. இவர் எடுக்கவில்லை. நானும் ஸ்டெபனியும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகத்தான் எடுத்தோம். "முடிஞ்சுதோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்று நான் பொய் சொன்னேன்.

எமேர்ஜென்சியில் இரண்டு கைக்கும் தையல் போட்டார்கள். எப்படி நடந்தது என்று நேர்ஸ் கேட்க, "வைன் செய்தனான்" என்றார், வெட்கப்படாமல். இப்போது மருந்து மயக்கத்தில் படுத்திருக்கிறார். அருள் பக்கத்தில் இருந்து கரண்டியால் கஞ்சி பருக்குகிறான்.

கீழே கடைசித் தட்டு அப்படியே கிடக்கிறது. இன்றைக்குக் குளிர் நல்லாக இருக்கிறது, நாளை மறுநாள் வெப்பம் ஏறுமாம். தள்ளிப்போட ஏலாது என்கிறான் அருள். ஒருவர் பிடித்தால்தான் மற்றவர் திறக்கலாம். இவருடைய கையுறையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், என் கைக்குப் பெரிது, துணி திணித்தால் நிற்கும். நாளை காலை தம்பியோடு நான் போகிறேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

உன் மச்சாள்
மக்டலீன்